முஹைதீன் வாசித்த கடதாசி

மன்னார்,
1937 ஜனவரி 20

கொழும்பிலிருக்கும் என் மகன் சனூனுக்கு, உம்மா பாத்தும்மா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ஹமீதா எழுதுகிறாள். இங்கே மழை விட்டுவிட்டது. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

போன சனிக்கிழமை முஹைதீன் நம் வளவுக்கு வந்தான். ஓம், துரை பங்களாவின் பெரிய கிளாக்கர், அவனேதான். வாப்பாவைப் பங்களாத் தோட்ட வேலையால் நிறுத்திப் பதினொரு வருஷத்துக்குப் பிறகு, அவர் தள்ளித் திரிந்த அதே புல்வெட்டும் மெஷினைக் கரத்தையில் ஏற்றி வந்தான். கொழும்பிலிருந்து பெரிய துரை வருகிறாராம். மெஷின் புல்லை வெட்டாமல் சப்பித் துப்புகிறதாம். திருகாணியை இறுக்கி இறுக்கி, இப்போது உருளை சுற்றவும் மாட்டாதாம். வாப்பா முற்றத்தில் வைத்துச் சரிபார்க்கும்போது கத்திகளுக்கு நடுவில் கடதாசி பிடித்தவள் நான் என்பது அவனுக்குத் தெரியும். அக்கா முறை வைத்து, ராத்தா, நீங்கள்தான் காப்பாத்த வேணும் என்றான். வாப்பாவை நிறுத்தின அன்றைக்கு எங்கே போனாள் இந்த ராத்தா?

சரி என்றேன். கத்திகளில் மண்ணைத் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு பக்கத் திருகாணியையும் தளர்த்தச் சொன்னேன். உருளைக் கத்திக்கும் அடிக்கத்திக்கும் நடுவில் மெல்லிய கடதாசி வைத்துச் சுற்றினால், இரண்டு முனையிலும் நடுவிலும் சுத்தமாக அறுபட வேணும். அதுவரை கால் சுற்றுக் கால் சுற்றாகத்தான் இறுக்கலாம். அவன் வெறுங் கடதாசி நீட்டினான். அது வேண்டாம் என்று, வாப்பாவை நிறுத்தி அவன் எழுதின கடதாசியைப் பெட்டகத்திலிருந்து எடுத்தேன். இங்கிலீசுக் கடதாசி. வாப்பா அதை யாரையும் வாசிக்க விட்டதில்லை. முதலில் தமிழில் சொல், பிறகு வெட்டலாம் என்றேன்.

வேலி நிறையச் சனம். கவலையீனத்தால் கத்தியை உடைத்தார் என்று சொல்லி மடித்தான். அவனுடைய மச்சான் கல்லில் ஏற்றி உடைத்ததை ஊரே அறியும். யோகராசா வாத்தியார் எட்டிப் பார்த்து, ஐயா, ஒரு வரி மிச்சம் கிடக்கு என்றார். அதையும் வாசிக்க வைத்தேன்.

குடிவெறியில் உடைத்தார் என்று எழுதியிருக்கிறான், மகன். ஐந்து நேரமும் தொழுத மனுசனை! கண்மூடி மௌத்தாகும்வரை வாப்பா பள்ளியில் கடைசி வரிசையில் நின்றது ஏனென்று இப்போதுதான் விளங்குகிறது.

அது பொய்யென்று சனத்துக்கு முன்னால் சொல்ல வைத்தேன். பிறகு கடதாசியை அவனையே பிடிக்கச் சொல்லி, உருளையை நான் சுற்றினேன். மூன்று இடத்திலும் சவரக்கத்தி போல அறுத்தது. வாப்பாவின் பெயருள்ள துண்டை மட்டும் கத்திக்குக் கொடுக்கவில்லை. அதை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

வாப்பாவின் அந்த வேலையை உனக்குத் தருவதாகப் போகும்போது சொன்னான். வா மகன். சம்பளத்துக்கு இல்லை. ஒவ்வொரு விடியலிலும் அவன் எழுதுகிற கந்தோர் யன்னலைத் திறந்தால் அவன் உன் முகத்தைக் காணவேணும். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். பெண்சாதி பிள்ளைகளையும் கூட்டி வா, அவர்களையும் அவன் காணட்டும். சின்னவள் நடக்கிறாளா? அவளையும் தூக்கி வா. அதற்காகத்தான் சொல்கிறேன், வேறொன்றுக்கும் இல்லை.

அல்லாஹ் உன் கைக்குப் பலம் தரட்டும்.

உன் உம்மா
பாத்தும்மா