பேன் ஒட்டாத கெண்டை

சோழவந்தான், தோட்டத்து வீடு
ஆவணி, வெள்ளிக்கிழமை

என் அண்ணன் பெற்ற தங்கம், மருமகள் சுபலட்சுமிக்கு உன் அத்தை ஒச்சாயி எழுதுவது. ஜெனகை மாரி புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் நல்லபடியாக இருக்கிறோம். அந்த ஒரிசா மீன் ஆராய்ச்சி ஆபீசில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசலாம்தான். பேசினால் அடுத்த வரப்பில் நிற்கிற என் ஓரகத்தி முத்துச்செல்விக்கு அம்புட்டும் கேட்டுவிடும். அதனால்தான் கடுதாசி.

அவள் குட்டையிலிருந்து நீ மீன் எடுத்துப் போனதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பால் சொசைட்டியில், கோயிலில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. "ஏங்குட்ட மீனு பிளேன் ஏறிருச்சுல்ல. இனி பேன் புடிக்காத கெண்டைக்கெல்லாம் அதுகதேன் ஆத்தா" என்கிறாள். பூசாரிகூட அவளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கூடுதலாகக் கொடுக்கிறார். கண்ணால் பார்த்தேன். பெருமை பேச அவளுக்கு ஏற்கெனவே இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். இதுவும் வேண்டுமா?

நீயே யோசித்துப் பார். இரண்டு குட்டையும் பக்கத்துப் பக்கம். குஞ்சு ஒரே வண்டியில் வந்தது. மீன்பேனும் இரண்டிலும்தான் விழுந்தது. பொட்டு மாதிரி தட்டையாக ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்ச, மீனெல்லாம் கரையில் உரசி உரசிப் புண்ணாகிச் செத்தன. அப்போதுதான் நீ எங்கள் இரண்டு பேருக்கும் போனில் சொன்னாய், அத்தனை பேனுக்கு நடுவிலும் சில மீன்களில் ஒட்டாது, அது பிறவியிலேயே வருவது, அதன் குஞ்சுகளுக்கும் இறங்கும் என்று. மருந்து ஊற்றாதீர்கள், பேன் இல்லாத மீனை மட்டும் தனியாகப் பிடித்து வையுங்கள், நான் வாரேன் என்றாய்.

நம் வீட்டில் நல்லதைத் தனியாக எடுத்து வைப்பது எதற்கு? வருகிற பிள்ளைக்கு ஆக்கிப்போடத்தானே? பேன் கடித்ததையா உனக்குக் குழம்பு வைப்பேன்? புளி கரைத்து, மாங்காய் போட்டு வைத்தேன். நீயும் விரலைச் சூப்பிச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாய், "அத்த, அந்த மீனெல்லாம் எங்க?"

"ஒன் எலையிலதேன் கெடக்கு" என்றேன்.

நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேரே வரப்பைத் தாண்டி அவள் குட்டைக்குப் போனாய். வந்த பிள்ளைக்கு ஒரு துண்டு மீன் ஆக்கிப்போட மனசில்லாதவள் அவள். அந்தக் கருமித்தனத்தில் பிழைத்த மீனுக்கு இம்புட்டு மரியாதை. அவள் தோளில் கை போட்டுப் போட்டோ வேறு எடுத்தாய். சின்னதில் உன்னை மடியில் படுக்கவைத்து, வேப்பெண்ணெய் தடவி, தலையில் பேன் பார்த்தது யார்? அவளா? எதுவும் ஒட்டாத பிறவி மீனுக்கு வாய்த்திருக்கிறது. எனக்கு எல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

இப்போது ஒரு சேதி. யாரிடமும் மூச்சு விடாதே. ஆனி கடைசியில் வலை இழுத்தபோது, பேன் அப்பிய கூட்டத்துக்குள் ஒரு பெட்டைக் கெண்டை பளிச்சென்று கிடந்தது. நம்பிக்கையில்லாமல் செதில் செதிலாகத் தடவிப் பார்த்தேன். இருப்பதிலேயே மோசமாகப் பேன் பிடித்த மீன்களோடு சேர்த்து அதை வலைக்கூண்டில் விட்டுவிட்டேன். ஆடி முழுக்கக் காலையும் மாலையும் தூக்கிப் பார்த்தாயிற்று. ஒன்றுகூட ஒட்டவில்லை. மாரிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். உன் மாமா, "இத எப்பக் கொழம்பு வைக்கப் போற?" என்று கேட்டார். அவரோடு நான் பேசுவதில்லை.

அவளுடையது டிரம் நிறையப் போனது. என்னுடையது ஒன்றே ஒன்றுதான். ஆனால் வயிறு சினையாக இருக்கிறது, சுபா.

சீக்கிரம் வா தாயி. அவள் வாசலைத் தாண்டித்தான் என் வீட்டுக்கு வர வேண்டும். காப்பிக்குக் கூப்பிடுவாள். குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் இங்கே வந்து, என் கூண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் போய்க் குடி. மாரி மேல் சத்தியமாக அன்றைக்கு முருங்கைக்காய்ச் சாம்பார்தான் வைப்பேன்.

மகராசியாக இரு.

வாசலைப் பார்த்தபடி இருக்கும்,
உன் அத்தை
ஒச்சாயி