வியாழக்கிழமை விமானம்

நாசரேத், திருநெல்வேலி ஜில்லா,
12.11.1948

அன்புள்ள மகனுக்கு,

என் கையெழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். வீட்டில் எல்லோரும் சுகம். உன் சித்தப்பாவைக் கடைசியாகப் பார்க்கக் கொழும்புக்குப் போயிருந்தேன். அடக்கம் முடிந்தபோது புயலால் தூத்துக்குடிக் கப்பல் நின்றுவிட்டது. அதனால் திருச்சிக்கு விமானத்தில் வர நேர்ந்தது.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் விமானியின் பெயரைச் சொன்னார்கள். உன் பெயர்.

பள்ளிக்கூட வேலையை விட்டு விமானம் ஓட்டப் போன உன்னை, இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லி ஆறு வருடமாகிறது.

நடுக்கடலில் மேகத்துக்குள் விமானம் பலமாகக் குலுங்கியது. பக்கத்தில் இருந்த முத்துக்கனி என்ற தூத்துக்குடி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஓட்டுதது நாசரேத்துப் பிள்ளையாம்லா. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். திருச்சி வரும்வரை அவர் என் கையை விடவில்லை.

இறங்கியதும் அந்த அம்மாள் நேரே உன்னிடம் வந்து, உன் இரண்டு கைகளையும் கண்களில் ஒற்றிக்கொண்டார். "ஒன்னயப் பெத்தவுக நல்லா இருக்கணும் ஐயா" என்றார். நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உன் முதுகுப் பக்கமாக விலகிப் போய்விட்டேன். உனக்குக் காதோரம் நரைத்திருக்கிறது.

கொழும்பில் எனக்கு இனி வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்று காலை தூத்துக்குடியில் விமானக் கம்பெனி ஏஜெண்டிடம் போய் வியாழக்கிழமைக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். அன்றைக்கு ஓட்டுவது நீதானா என்றும் விசாரித்தேன்.

"கேப்டன் ஒங்களுக்கு என்ன வேணும், அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"எம் மகன்" என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா