ருசி பார்க்காத வாய்

மார்ச் 3
எங்கள் ஃபேக்டரி கேன்டீனின் ஃபேஸ்புக் பக்கத்தில் நேற்று போட்ட என் படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள்: "சமையலம்மா பாதி அண்டாவை ருசி பார்த்தே காலி பண்ணிடுவாங்க போல." அதன் கீழே சிரிக்கிற முகங்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் தினமும் என் கையால் சாப்பிடுகிறவர்கள்.

மார்ச் 6
ரீல்ஸில் இடுப்பு இளைக்க வழி சொல்லும் ஒருத்தி வருகிறாள், நான் வைத்த பேர் இடுப்பு அக்கா; அவள் சொல்வது சரிதான். ருசி பார்ப்பதும் சாப்பாட்டுக் கணக்குத்தான். ருசி பார்ப்பதோடு இரண்டு வேளைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டேன். என்னோடு கேன்டீனில் காய் நறுக்கும் என் நாத்தனாரிடம், இனி உப்பு புளி பார்ப்பது உன் வேலை என்றேன். "எனக்கென்ன அண்ணி, கசக்குதா?" என்றாள்.

மார்ச் 15
யூனிஃபார்ம் தொளதொளவென்று இருக்கிறது. படியேறும்போது கண் இருட்டியது, யாரிடமும் சொல்லவில்லை. "நல்லா இளைச்சிட்டீங்க அண்ணி. எப்படி?" என்று நாத்தனார் கேட்டாள். இடுப்பு அக்காவின் ரீல்களை அனுப்பினேன். பெருமைதான், வேறென்ன.

மார்ச் 21
சூப்பில் உப்பே இல்லை. ஷிப்ட் முழுக்கத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், என்னுடையது சாக்கடையிலே. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பாத்திரம் கழுவப் போயிடுங்க," என்றார் மேனேஜர். நாத்தனாரைக் கேட்டேன். "பார்த்தேனே அண்ணி, சரியாத்தான் இருந்துச்சு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மார்ச் 22
பொய் சொல்கிறாள். ஏன்?

மார்ச் 24
நாத்தனார் மயங்கி, கொதிக்கிற அண்டா பக்கமாக அப்படியே சாய்ந்தாள். பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். கரண்டி மட்டும் உள்ளே விழுந்தது. ஒரு நொடி பிந்தியிருந்தா — எழுத முடியல.

தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு சொன்னாள்: "நீங்க ரீல்ஸ் அனுப்பின அன்னிலேருந்து நானும் சாப்பிடறதில்ல, ருசியும் பார்க்கல அண்ணி. கரண்டிய வாய்கிட்ட கொண்டுபோய்ட்டு, சரியா இருக்குன்னுடுவேன்."

ஊருக்கே சமைக்கிறோம், இரண்டு பேரும் பட்டினி. யாரைத் திட்டுவது? இடுப்பு அக்காவுக்கு என் நாத்தனாரைத் தெரியவே தெரியாது. அனுப்பியது நான்.

மார்ச் 25
சூப் இறக்கியதும் இரண்டு கிண்ணத்தில் எடுத்து, ஒன்றை அவள் பக்கம் தள்ளினேன்.

"நீங்க முதல்ல குடிங்க," என்றாள்.

வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் படத்துக்குக் கீழே எழுதிய அந்த 'பாதி அண்டா' பேச்சு ஞாபகம் வந்து தொலைத்தது. அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், விழுங்குகிறேனா என்று. விழுங்கினேன்.

அதன் பிறகுதான் தன் கிண்ணத்தை எடுத்தாள். ஒரு வாய், இன்னொரு வாய்.

"உப்பு கம்மி அண்ணி," என்றாள்.

ஆமாம், கம்மிதான்.