கணையம் செய்யாத வேலை

மார்ச் 8
பொங்கல் லீவு முடிந்து சுடர்விழி திருச்சி ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. ஒன்பது வயதில் என் மகளின் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்தியது. அன்று முதல் அந்த வேலையை நான்தான் பார்த்தேன். சோறு எவ்வளவு, ஊசி எவ்வளவு, ஓடி விளையாடினால் எவ்வளவு குறைக்க வேண்டும் — எல்லாம் என் கணக்கு. இப்போது வேலை போன ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 11
போனில் எடுத்தவுடன் சுகர் எவ்வளவு என்று கேட்டேன். "சாப்பிட்டியான்னு கேக்க மாட்டியாம்மா?" என்றாள். ஏன் கேட்கவில்லை நான்?

மார்ச் 15
அவளுக்காகப் பால்குடம் நேர்ந்து, மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். இனி திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

மார்ச் 17
காலையில் அவளுடைய ரூம்மேட் ஹரிணி போன் செய்தாள். ஊசி போட்டபின் மெஸ்ஸில் டிபன் தாமதமாம். சுகர் இறங்கி மயங்கிவிட்டாளாம். மீதியைக் கேட்க எனக்கேது பொறுமை? பையைத் தூக்கினேன். என் வீட்டுக்காரர் வாசலில் மறித்தார்.

"காப்போட எல்லை தாண்டுனா சாமி குத்தம், ராணி."

"எம்பிள்ளைக்குத்தானங்க கட்டுனேன்! அவ அங்கிட்டுக் கெடக்கா. நான் இங்கிட்டு இருந்து யாருக்குப் பால்குடம் எடுக்க?"

ஆத்தா, நீயே பார்த்துக்க என்று பஸ் ஏறிவிட்டேன்.

போனால், மகாராணி இட்லி தின்றுகொண்டிருக்கிறாள்! "ஹரிணி குளுக்ககான் ஊசி போட்டுட்டாம்மா" என்று சிரிப்பு வேறு. இன்சுலின் இரத்தத்தில் சர்க்கரையை இறக்கும். ரொம்ப இறங்கினால், ஈரல் சேர்த்து வைத்ததை எடுத்துவிடச் சொல்வது குளுக்ககான். இவளுக்கு அதுவும் நேரத்துக்குச் சுரப்பதில்லை. அந்த ஊசியை வாங்கி அனுப்பியது நான். ஹரிணிக்குப் போடக் கற்றுக்கொடுத்தது இவள்.

அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதேன். பொறாமையாகவும் இருந்தது. இங்கே எதற்குப் பொய் எழுத வேண்டும்?

மார்ச் 18
பூசாரி குழந்தைசாமி, "காப்புக் கட்டிட்டு எல்லை தாண்டிட்டியே தாயி, இந்த வருஷம் நீ எடுக்கக் கூடாது" என்றார். சரிதான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

மார்ச் 22
நேற்று அவளே வந்துவிட்டாள். "எனக்கு நேந்தத நானே எடுக்குறேன். ஆனா பட்டினி கெடக்க மாட்டேன்" என்று பூசாரியிடமே சொன்னாள். அவரும் சம்மதித்துவிட்டார்.

வெயிலில் நடக்க வேண்டுமே என்று இன்று காலை ஊசியைத் தானே குறைத்துக்கொண்டாள். எவ்வளவு குறைத்தாய் என்ற கேள்வி என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

தலையில் குடத்தோடு அவள் முன்னே போனாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் பின்னாலேயே நடந்தேன்.