அறிவிக்காமல் வந்து பாருங்கள்: பிராம்வெல் வீதியின் லொறிப் புகை

அனுப்புநர்:
க. ஞானேஸ்வரன்,
பிராம்வெல் வீதி,
மிச்சம், லண்டன்.

பெறுநர்:
சுற்றாடல் சுகாதார அதிகாரி அவர்கள்,
கவுன்சில் அலுவலகம்.

பொருள்: மூடப்பட்ட எமது முறைப்பாட்டை மீண்டும் திறந்து, முன்னறிவித்தல் இன்றி வீதியைப் பார்வையிடக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

தமிழில் எழுதினாலும் மொழிபெயர்த்து வாசிப்பீர்கள் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆங்கிலத்தில் எழுதி எழுதிக் களைத்துவிட்டேன். இம்முறை எனக்கு வரும் மொழியில் எழுதுகிறேன்.

1. எங்கள் வீட்டுக்கு எதிரே மரக்கறி, மீன் மொத்தக் களஞ்சியம் ஒன்று இயங்குகிறது. அங்கு வரும் குளிரூட்டி லொறிகள், சாமான் இறக்கும் முறை வரும்வரை வீதியோரம் நிற்கும். பெட்டி சூடேறினால் மீன் பழுதாகிவிடும் என்று என்ஜினை நிறுத்துவதில்லை. விடியற்காலையில் தொடங்கும் உறுமல் மத்தியானம் தாண்டியும் ஓயாது. இன்று துடைத்த யன்னல் சட்டத்தில் நாளைக்கே கரி படிந்திருக்கும். அந்த மீனை நாங்களும்தான் வாங்கிச் சாப்பிடுகிறோம், அதை மறைக்கவில்லை. லொறிக்காரரின் பிழைப்பைக் கெடுப்பதும் எங்கள் நோக்கமல்ல.

2. என் மனைவி மாதங்கிக்கு ஆஸ்மா. இந்த வீட்டுக்கு வந்த காலத்தில் பனி நாட்களில் மட்டும் மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்ப் தேவைப்பட்டது. இப்போது கோடையிலும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று கைபிடியைப் பற்றிக்கொள்கிறாள்.

3. லண்டனின் காற்று வருடா வருடம் சுத்தமாகி வருகிறது என்று உங்கள் பதிலில் வரைபடத்தோடு விளக்கியிருந்தீர்கள். நம்புகிறேன் ஐயா. பெரிய வீதியில் எனக்கே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் எங்கள் பகுதிக்கென்று நீங்கள் காட்டிய அளவுகள் பூங்கா வாசலில் எடுக்கப்பட்டவை. அங்கே அணில்கள் இருக்கின்றன. நாங்கள் இங்கே இருக்கிறோம்.

4. சென்ற மே மாதம், உங்கள் பரிசோதகர் வருவார் என்று கடிதம் வந்தது. இங்கேதான் எங்கள் பக்கத்துப் பிழை. வீட்டுக்கு ஆள் வருவதென்றால் எங்கள் சனத்துக்கு இருப்புக் கொள்ளாது. மாதங்கி முதல் நாளே யன்னல்களைக் கழுவி, முன்வாசலைக் கூட்டி, வடைக்கு உளுந்தும் ஊறப்போட்டாள். அது போதாதென்று, மறுநாள் காலை மூச்சு வாங்க வாங்க வீதியைக் கடந்து லொறிக்காரரிடம் போயிருக்கிறாள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் பெடியள். "தம்பி, கவுன்சில் ஐயா வாறார். லொறியளை அங்காலை கொண்டுபோய் விடுங்கோ, பாக்க வடிவா இருக்கட்டும்" என்று கேட்டிருக்கிறாள். தர்சிகன் என்ற சாரதி, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். பரிசோதகர் வந்தபோது வீதி கோயில் வாசல் மாதிரி இருந்ததாம். வடை நன்றாக இருக்கிறது என்றாராம். நான் வேலையால் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

5. தொல்லை எதுவும் காணப்படவில்லை என்று எழுதி முறைப்பாட்டை மூடிவிட்டீர்கள். பரிசோதகரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கண்டதைத்தான் எழுதினார். மாதங்கியை ஏசவும் எனக்கு மனம் வரவில்லை. லொறிகள் மறுநாளே திரும்பி வந்துவிட்டன. அதன்பின் நான் எழுதிய எல்லாவற்றுக்கும், ஏற்கெனவே பார்வையிடப்பட்டது என்ற ஒரே பதில்தான் வருகிறது.

6. போன கிழமை அவளுக்கு மூச்சு அடைத்து, அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இன்னும் வைத்தியசாலையில்தான் இருக்கிறாள். அங்குள்ள வைத்தியர் பத்ரிநாராயணன் தமிழ்நாட்டுக்காரர். "வீட்டுக்கு அனுப்பலாம். ஆனா அதே புகைக்குப் போனாங்கன்னா மறுபடி இங்கதான் வருவாங்க" என்று தமிழிலேயே சொன்னார். இந்த வாடகை வீட்டை விட்டு வேறு வீடு பார்க்க எங்களால் ஏலாது. அவளைக் கூட்டிவர ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஆகையால், தயவுசெய்து முறைப்பாட்டை மீண்டும் திறவுங்கள். எங்கள் வாசலில் நிற்கும் விளக்குக் கம்பத்தில் காற்றை அளக்கும் குழாய் ஒன்றை மாட்டுங்கள். லொறிகள் என்ஜினை நிறுத்திவிட்டுப் பெட்டியைக் குளிராக வைத்திருக்க, களஞ்சியத்தில் மின் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் வீடு திரும்புமுன் ஏதாவது ஒன்று நடந்தாலும் பெரிய உதவி.

பரிசோதகரை அனுப்பும்போது மட்டும் கடிதம் போடாதீர்கள் ஐயா. ஆள் வருவது தெரிந்தால், மாதங்கி வைத்தியசாலைக் கட்டிலால் எழும்பி வந்தாவது வீதியைத் துப்புரவாக்கிவிடுவாள்.

உங்கள் வரவை எதிர்பாராமல் எதிர்பார்த்திருக்கும்,

க. ஞானேஸ்வரன்
(ஒப்பம்)

இடம்: மிச்சம்
திகதி: 18.11.2024