கடைசிப் பக்கத்தில் சாப்பாடு

அங்கிள்,

இன்று காலை ஈப்போ லகாட் சாலையில் சிவப்பு விளக்கு. என் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. நசுங்கிய பழத்தின் புளித்த எண்ணெய் வாடை தாங்காமல் பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் ஹெல்மட் கண்ணாடியைத் தூக்கி நன்றாக மூச்சை இழுத்தேன். உங்கள் சட்டை, உங்கள் லோரி, நீங்கள் சீட்டுக்கு அடியில் போட்டுக் கொண்டுவந்த சிறுவர் நாவல்கள் எல்லாவற்றிலும் இருந்த வாடை. எங்கள் வீட்டில் கதைப் புத்தகம் என்றாலே இந்த வாடைதான்.

பதிப்பகத்தோடு சண்டை போடப் போய்க்கொண்டிருந்தேன். நான் சிறுவர் நாவல் எழுதியிருக்கிறேன், அங்கிள். சிரிக்காதீர்கள். லோரி ஓட்டும் ஒருவர், அவர் பிள்ளைகள் அல்லாத இரண்டு பிள்ளைகள், இடிக்கப்பட்ட ஒரு தோட்டக் குடியிருப்பு. கடைசியில் அவர் இறந்துபோகிறார். அடுக்குமாடியில் லிஃப்ட் வேலை செய்யாததால் அவரைப் படிக்கட்டு வழியாக இறக்குகிறார்கள். கதை அங்கேயே முடிகிறது. "பிள்ளைங்க புத்தகத்துல சாவு எதுக்கு?" என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். சிலிம் ரிவர் பக்கம் எங்கள் தோட்டத்தில் டிராக்டர் கவிழ்ந்து அப்பா செத்தபோது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. நிர்வாகம் ஒரு மலர்வளையம் அனுப்பியது. மறு வருடம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. பிள்ளைகளுக்குச் சாவு தெரியாதாம்.

அதன் பிறகுதான் அம்மாவைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள், ஆயர் தாவாரிலிருந்து, ஒரு துணிப்பையோடு. அப்பா என்று கூப்பிடச் சொல்லி ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. அங்கிள் என்றே இருந்தது, நன்றாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை படிப்பீர்கள். ஆறாம் வகுப்போடு நின்ற தமிழ். மேடு ஏறும் லோரி மாதிரி வாக்கியத்தை மெதுவாக இழுத்து, முற்றுப்புள்ளியில் பிரேக் போடுவீர்கள்.

நீங்கள் புத்தகம் வாங்கும் விதம் ஊருக்கே தெரியும். ஈப்போ பழைய புத்தகக் கடையில் நின்று கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பீர்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் வாங்குவீர்கள். இல்லாவிட்டால் வைத்துவிடுவீர்கள்.

"அண்ணே, வாங்குறீங்களா, இங்கயே படிச்சு முடிக்கிறீங்களா?" என்பார் கடைக்கார அக்கா.

"கடைசிப் பக்கம் மட்டும்லா. மத்ததெல்லாம் எப்படியும் சமாளிச்சிக்கலாம்."

எனக்கு எரிச்சலாக வரும். "எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடியுது. உலகம் அப்படியா இருக்கு?" என்பேன். "ஐயோ, லாயர் வந்துட்டாங்க," என்று அம்மாவைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள்.

அந்தத் தாத்தா கதை நினைவிருக்கிறதா? தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வரும் குடும்பம். கடைசிப் பக்கத்தில் வாழையிலை, பாயசம், வீடு நிறைய ஆட்கள். பார்த்ததும் வாங்கிவிட்டீர்கள். வாரா வாரம் படித்துவந்தீர்கள். கடைசி அத்தியாயத்துக்கு முந்தியதில் தாத்தாவுக்கு மூச்சு நின்றது. நீங்களும் நின்றுவிட்டீர்கள். அந்த விருந்து தாத்தாவின் கருமாதிச் சாப்பாடு என்று அப்போதுதான் உங்களுக்கு விளங்கியது. தம்பியைப் பார்த்தீர்கள். அப்பா போனதிலிருந்து அவன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

தொண்டையைச் செருமிவிட்டு, "உடனே தாத்தாவ ஒரு செம்பனை லோரியில ஏத்தி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க," என்று படித்தீர்கள். உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். புத்தகத்தில் லோரியே இல்லை.

"பொழைச்சிக்குவாரா?" என்றான் தம்பி.

"பொழைக்காம? லோரியில போயிருக்காருல்ல!"

கடைசிப் பக்கம் வந்தது. கடையில் நீங்கள் கவனிக்காத மூலையில் தாத்தா படத்துக்கு மாலை போட்டிருந்தது. நீங்கள் அசரவில்லை. "தாத்தாவுக்குப் பொறந்த நாள். மாலை போட்டு எல்லாரும் சாப்பிட்டாங்க."

"பொய்!" என்று கத்தினேன். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

தம்பி விளையாடப் போனதும் என்னிடம் சொன்னீர்கள்: "நீ சொல்றதுதான் சரி, லாயர். ஆனா இன்னிக்கு வேணாம். தம்பிக்கு எழுத்துக் கூட்டத் தெரியுதில்ல, வேணும்னு தோணுறப்ப அவனே படிச்சிக்குவான்."

போன வருடம் உங்கள் கருமாதி. எங்கள் அடுக்குமாடியின் கீழ் மண்டபத்தில் இலை போட்டிருந்தோம். படத்துக்குப் பெரிய மாலை. தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டே காதருகே சொன்னான்:

"அக்கா, அங்கிளுக்குப் பொறந்த நாள்."

எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் முறைத்தார்கள். "எப்படா படிச்ச?" என்று கேட்டேன்.

"மறுநாளே. அங்கிள் கஷ்டப்பட்டுக் கதை விட்டாரு, கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன். ஆனா அந்த லோரி நல்லா இருந்துச்சுக்கா."

லகாட் சாலையில் விளக்கு பச்சையாகி, பின்னால் ஹாரன் அடித்தார்கள். நாவலில் எதை விட்டிருந்தேன் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. பதிப்பகத்தில் சண்டை போடவில்லை. சாவை எடுக்க மாட்டேன், லிஃப்டையும் எடுக்க மாட்டேன், ஒரு பக்கம் கூட்டித் தருகிறேன் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இலை, பாயசம், மாலை, காதோரம் ஒரு தம்பி. அதைப் படித்த பதிப்பகத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இது இருக்கட்டும், எல்லாமே இருக்கட்டும்," என்றார்.

உலகத்தின் மேல் எனக்குள்ள கோபம் குறையவில்லை, அங்கிள். உங்களைப் படிக்கட்டு வழியாக இறக்கவைத்த அந்த லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. ஆனால் எந்தக் கதைப் புத்தகத்தை எடுத்தாலும் என் விரல் முதலில் கடைசிப் பக்கத்துக்குத்தான் போகிறது. உங்களை மாதிரி ஒருவர் என் புத்தகத்தையும் கடையில் நின்று பின்னாலிருந்து புரட்டுவார். எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்று நம்பி வாங்கிப் போவார். வீட்டில் பாதியில் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொள்வார்.

படிக்கட்டும். பொறந்த நாள் என்றே படிக்கட்டும்.