றொபின்சன் தம்பி இழுத்த வயர்

தெமோதரை,
ஞாயிறு காலை.

அன்புள்ள நிலுக்ஷிக்கு,

லயத்தில் உன் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த நேசராணி அக்கா எழுதுகிறேன். குவைத்தில் சுகமாக இருக்கிறாயா? உன் மகள் நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் புதுக் கொப்பிகள் கொடுத்தார்கள். நம் லயத்து வீடுகள் எரிந்து மூன்று வாரமாகிவிட்டது. இன்னும் எல்லோரும் மைதானத்துக் கூடாரங்களில்தான். இந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை உனக்குப் போன் எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். பதுளை பலீலா லீவு முடிந்து அங்கே திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நிலுக்ஷி, நெருப்பு உன் வீட்டுக்காரர் றொபின்சன் தம்பி இழுத்த வயரில் பிடிக்கவில்லை. என் அடுப்பில் பிடித்தது.

அந்த வாரம் விடாத மழை. தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய மிலாறு விறகு எல்லாம் நனைந்து, ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். நம் லயத்தில் எல்லோரும் செய்வதுபோல அடுப்புக்கு மேலே கம்பி கட்டி அந்த விறகை அடுக்கியிருந்தேன். தினமும் காலையில் வேலைப் பெரட்டுக்குக் கிளம்பும்போது தணலில் தண்ணீர் தெளிப்பவள்தான் நான். அன்றைக்கு மட்டும், சாயந்தரத்துக்குள் விறகு காயட்டுமே என்று இன்னும் இரண்டு கட்டையைச் செருகிவிட்டுக் கதவைப் பூட்டினேன். பத்து மணிக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது புகை தெரிந்தது. ஒரே கூரை, ஓடி வருவதற்குள் ஆறு காம்பராவும் போய்விட்டது. பிள்ளைகள் பள்ளியில் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

என் குசினியில் கருகித் தொங்கிய வயரைப் பார்த்ததும் எல்லோரும் அதுதான் என்றார்கள். இருட்டில் சமைக்க முடியவில்லை என்று நான் கேட்டதற்காகத்தான் றொபின்சன் தம்பி உங்கள் பக்கத்திலிருந்து லைட்டுக்கு அதை இழுத்துத் தந்தார். “அக்கா, என்னால உங்க வீடும் போச்சே” என்று என் முன்னால் நின்று அழுதார். நான் ஆறுதல் வேறு சொன்னேன். என்ன மனுஷி நான்!

கூடாரங்களுக்குத் தோட்ட நிர்வாகத்தில் முறையாக லைட் போட்டுத் தந்தார்கள். தம்பி வேண்டாம் என்றுவிட்டார். வயரைக் கண்டாலே விலகிப் போகிறார். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு, அதன் பக்கத்தில் உன் பிள்ளை படிக்கிறாள். நேற்றுச் சாயந்தரம் அவள் தலைமுடி பொசுங்கியது. கையால் அமுக்கி அணைத்துவிட்டேன், பயப்படாதே, பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

விளக்கை ஊதி அணைத்துவிட்டு அங்கேயே தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. “நிலுக்ஷி இத நம்புவாளாக்கா?” என்று மட்டும் கேட்டார். அதனால்தான் என் கைப்பட எழுதுகிறேன். இன்று பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன்.

நீ அன்றைக்குப் போனில் அவரை ஏசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவ்வளவும் எனக்கு வர வேண்டிய ஏச்சு. அதற்குப் பிறகு நீ கூப்பிட்டாலும் அவர் எடுப்பதில்லை. இனி எடுப்பார். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. இதைப் படித்ததும் அவரைக் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேள், தாயே.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

இனி அக்கா என்று சொல்வாயோ தெரியாத,
நேசராணி